சேவல் எங்கே கூவுகிறது?

ரொறொன்ரோ,
ஒக்டோபர் 6.

அன்புள்ள பிள்ளைக்கு,

நீ அனுப்பிய மூன்று நிமிட இசையை நேற்று இரவு மூன்று தரம் கேட்டேன். முதல் தரம் சமையலறையில், பாத்திரம் கழுவிக்கொண்டு. இரண்டாம் தரம் மாமியோடு இருந்து. மூன்றாம் தரம் மாமி நித்திரைக்குப் போன பிறகு, விளக்கை அணைத்துவிட்டு, நீ வாங்கித் தந்த ஹெட்போனில்.

இரண்டு கேள்வி கேட்டிருந்தாய். இது பயமுறுத்துகிறதா என்பது ஒன்று. போன வருஷம்போலக் கடைசிக்கு முந்திய இடம்தான் கிடைக்குமென்றால் ஹலோவீன் போட்டிக்கு அனுப்பாமலே விட்டுவிடவா என்பது மற்றது. இரண்டாவதற்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்: அனுப்பு. முதல் கேள்விக்குத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

உன் இசையின் முதல் நாற்பது செக்கன் எனக்கு மிகவும் பிடித்தது. பியானோவின் அடிச்சுரங்களில் ஒன்று, இடைவெளி விட்டு விட்டு ஒலிக்கிறது. யாரோ மாடிப்படியில் நின்று நின்று இறங்கி வருவதுபோல இருந்தது. கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றேன். நாற்பத்தைந்தாவது செக்கனில் ஓர்கன் வந்தது. கூடவே இடி. பிறகு ஓநாய், பிறகு ‘ஆ’ என்று பாடுகிற கோஷ்டி, பிறகு மணி, பிறகு ஒரு பெண்ணின் அலறல். முடிவதற்குள் ஒன்பது பயமுறுத்தல்களை எண்ணினேன். முதல் நாற்பது செக்கனில் இருந்த அந்த ஆள் படியிறங்கி எங்கே போனார் என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. அவரைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன்.

இதைப் பற்றி எழுதுவதற்கு முன் வேறொன்று சொல்ல வேண்டும். இதுவரை உனக்குச் சொல்லாதது.

நான் இந்த ஊருக்கு வந்தது 1987ஆம் ஆண்டு. அந்த ஒக்டோபர் மாதம் யாழ்ப்பாணத்தில் கடும் சண்டை. அம்மம்மாவும் உன் அம்மாவும் அங்கே இருந்தார்கள். கடிதம் வரவில்லை. ரெலிபோன் இல்லை. நான் ஸ்காபரோவில் ஒரு வீட்டின் பேஸ்மென்றில் இருந்தேன். பக்கவாட்டில் ஒரு கதவு, அதற்கு மேலே ஒரு பல்ப். 31ஆம் திகதி இருட்டிய பிறகு யாரோ கதவைத் தட்டினார்கள். அது என்ன நாள் என்று எனக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. ஊரில் இரவில் கதவு தட்டுப்பட்டால் என்ன செய்வோமோ அதை என் கை தானாகவே செய்தது: விளக்கை அணைத்தது. சுவரோடு ஒட்டி, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். வெளியே சின்னக் குரல்கள் கேட்டன. காலடிகள் அடுத்த வீட்டுப் பக்கம் போயின. அதற்குப் பிறகு ஒருவரும் தட்டவில்லை. ஆனால் விடியும்வரை நான் படுக்கவில்லை.

அடுத்த நாள் வீட்டுக்காரர் விளக்கம் சொன்னார். அந்த இரவில் வாசல் விளக்கு எரிந்தால் பிள்ளைகள் வந்து தட்டி இனிப்புக் கேட்பார்களாம். அணைந்திருந்தால் பேசாமல் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்களாம்.

பல வருஷங்களுக்குப் பிறகு நீ பிறந்தாய். உனக்கு ஆறு வயது ஹலோவீனுக்கு வெள்ளைப் படுக்கை விரிப்பில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை வெட்டி உன்னை மூடி, வீடு வீடாகக் கூட்டிக்கொண்டு போனேன். மூன்றாவது வீட்டில் சொக்லட் சட்டிக்குள் ஒரு ரப்பர் கை வைத்திருந்தார்கள். நீ கையை விட்டதும் அது உன்னைப் பிடித்தது. வீரிட்டுக் கத்தினாய். என் விரலை நெரித்தாய். பிறகு சிரித்தாய். பிறகு விரிப்பின் ஓட்டைகளுக்குள்ளால் என்னை நிமிர்ந்து பார்த்து, “மாமா, இன்னொருக்கா” என்றாய்.

அந்தச் சொல்லை நான் மறக்கவில்லை. 1987இல் நான் பட்ட பயத்தை உலகத்தில் ஒருவரும் இன்னொருக்கா கேட்க மாட்டார்கள். உன் பயத்துக்கு ஒரு எல்லை இருந்தது. ஒரு கை சட்டிக்குள் இருந்தது, மற்றக் கை என் விரலில் இருந்தது. ஹலோவீனுக்கு இசை எழுதுகிறவர் தன் வேலையை அளந்து பார்க்க இதைவிட நல்ல அளவு எனக்குத் தெரியவில்லை. கேட்டவர் இன்னொருக்கா போட்டுக் கேட்பாரா? உன் ஒன்பது பயமுறுத்தல்களும் என்னைத் திடுக்கிட வைத்தன. ஆனால் நான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டது முதல் நாற்பது செக்கனை மட்டும்தான்.

நான் பத்து வருஷம் ஒரு அமெச்சூர் வாத்தியக் குழுவில் இரண்டாம் வயலின் வாசித்தது உனக்குத் தெரியும். ஒவ்வொரு ஒக்டோபரிலும் பிள்ளைகளுக்காக ஒரு கச்சேரி வைப்போம். பல் மருத்துவர், பஸ் சாரதி, பள்ளிக்கூட ஆசிரியை எல்லோரும் மந்திரவாதித் தொப்பியோடும் எலும்புக்கூட்டு உடுப்போடும் மேடைக்கு வருவார்கள். எப்படியும் வாசிக்கிற ஒன்று, பிரெஞ்சுக்காரரான சான்-சான்ஸ் 1874இல் எழுதிய ‘டான்ஸ் மக்காப்ர்’, சாவின் நடனம். ஹார்ப் ஒரே சுரத்தைப் பன்னிரண்டு தரம் மீட்டும், அது நடுச்சாமம். சாவு தன் வயலினை எடுத்துச் சுதி பார்க்கும். ஸைலோஃபோனில் எலும்புகள் கிடுகிடுக்கும். நடனம் ஏறிக்கொண்டே போகும், வெறி பிடித்ததுபோல் சுழலும். அந்த உச்சத்தில் எல்லாம் சட்டென்று அடங்கி, ஓபோ ஒரு சின்னச் சொற்றொடர் வாசிக்கும். சேவல் கூவுகிறது. எலும்புக்கூடுகள் கல்லறைக்குத் திரும்ப வேண்டும். கடைசியில் வயலின் தனியாக ஒரு பிரியாவிடை சொல்லும். பிறகு இரண்டு மெல்லிய தட்டு, முடிந்தது.

பின் வரிசையில் இருந்து வாசித்ததால் எனக்குப் பிள்ளைகளின் முகம் வடிவாகத் தெரியும். ஓபோ கூவுகிற அந்த நேரம் முன்வரிசைப் பிள்ளைகளின் தோள்கள் கீழே இறங்கும். ஒவ்வொரு வருஷமும் பார்த்திருக்கிறேன். அதுவரை அவர்கள் தோளைத் தூக்கிக்கொண்டு இருந்தது அவர்களுக்கே தெரிந்திருக்காது. முடிந்ததும் யாராவது ஒரு பிள்ளை தாயிடம், திரும்ப வாசிப்பார்களா என்று கேட்கும்.

உன் இசையில் சேவல் எங்கே கூவுகிறது, பிள்ளை? அலறலோடு நிறுத்திவிட்டாய். அலறல் ஒரு முடிவு இல்லை. சேவல்தான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. படியிறங்கி வந்த ஆள் கதவைத் திறந்து வெளியே போகலாம். அல்லது அது பூனை என்று தெரியலாம். அல்லது அதே படிச்சத்தம் இந்த முறை மேலே ஏறிப் போகலாம். எதுவாக இருந்தாலும் கேட்பவர் ஒரு இடத்தில் தோளை இறக்க வேண்டும்.

முஸோர்க்ஸ்கியின் ‘மொட்டை மலையில் ஓர் இரவு’ உனக்குத் தெரியும், டிஸ்னியின் ‘ஃபன்டேஷியா’ படத்தில் கரும்பூதம் சிறகு விரிக்கிற இடம். அவர் 1867இல் எழுதிய மூலத்தில் விடியல் இல்லை. சூனியக்காரிகளின் கூத்தோடே முடிந்துவிடும். பின்னால் ஒரு ஓபராவுக்காகத் திருத்தி எழுதியபோது கோயில் மணியும் விடியலும் சேர்ந்தன. அவர் இறந்து ஐந்து வருஷம் கழித்து, 1886இல், ரிம்ஸ்கி-கோர்சகோவ் அந்த விடியலை முடிவாக வைத்து ஒழுங்குபடுத்தியதைத்தான் உலகம் கேட்டது. மூலத்தை முஸோர்க்ஸ்கி உயிரோடு இருந்தபோது ஒரு வாத்தியக் குழுகூட வாசிக்கவில்லை. என்னைக் கேட்டால் மூலம்தான் பெரிய படைப்பு. அதில் இருக்கிற முரட்டுத்தனம் திருத்தியதில் இல்லை. ஆனால் ஹலோவீன் இரவில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வாசிக்கச் சொன்னால் மணியடிக்கிற அந்த விடியலைத்தான் நான் எடுப்பேன்.

இது எங்களுடைய பண்டிகை இல்லையே, நான் இதற்கு இசை எழுதலாமா என்றும் ஓரிடத்தில் எழுதியிருந்தாய். இந்தக் கவலை உனக்கு வேண்டாம். நான் மேலே சொன்ன இரண்டும் ஹலோவீனுக்காக எழுதப்பட்டவை அல்ல. மொட்டை மலையின் இரவு யூன் மாதத்தில் வருகிற புனித யோவான் திருநாள் இரவு. டான்ஸ் மக்காப்ருக்கு அடியாக இருந்த கவிதையில் வருவது பனிக்காலத்து இரவு. ஹலோவீன் என்றதும் எல்லோரும் போடுகிற பாஹின் டி மைனர் ஓர்கன் இசைக்கும் பேய்க்கும் ஒரு தொடர்பும் இருக்கவில்லை. 1931இல் வந்த ‘டாக்டர் ஜெக்கிலும் மிஸ்டர் ஹைடும்’ போன்ற சினிமாக்கள் சேர்த்துவிட்ட தொடர்பு அது. பண்டிகையே அப்படி ஊர் ஊராக நடந்து வந்ததுதான். அயர்லாந்திலும் ஸ்கொட்லாந்திலும் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்குகிற சம்ஹெய்ன் இரவு. அதன் மேல் நவம்பர் 1 சகல புனிதர் திருநாளுக்கு முதல்நாள் என்கிற கிறிஸ்தவப் பெயர். தங்கள் ஊரில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்கள் அமெரிக்கா வந்ததும் பூசணிக்காயைக் குடைந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் கையில் இருந்ததைப் போட்டிருக்கிறார்கள். உன் கையில் இருப்பதை நீயும் போடு.

உன் கையில் என்ன இருக்கிறது என்று கேட்பாய். எட்டு வயதில் என்னிடம் தாளம் போடப் பழகினாயே, அது இருக்கிறது. ஜோன் கார்பென்ரர் 1978இல் எடுத்த ‘ஹலோவீன்’ படத்தின் இசையை எடுத்துக் கேள். அது ஐந்தில் ஓடுகிறது. பியானோ வாசிக்கிற பத்து அரை எண்ணிக்கைகளையும் கையால் தட்டிப் பார்: தகிட தகிட தக தக. மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு. இங்குள்ள காதுக்கு நாலில் நடந்துதான் பழக்கம். கடைசியில் அந்த இரண்டும் இரண்டும் வரும்போது கால் தடுக்குகிறது. திரும்பச் சமாளிப்பதற்குள் அடுத்த சுற்றுத் தொடங்கிவிடுகிறது. கார்பென்ரருக்கு அந்த ஐந்தைச் சின்ன வயதில் பொங்கோவில் தட்டிக் காட்டியவர் அவருடைய தகப்பன், ஒரு இசை ஆசிரியர். படத்தின் டைரக்டரே இசையையும் அமைத்தார். நொட்டேஷன் வாசிக்கவோ எழுதவோ தனக்குத் தெரியாது என்று அவரே சொல்லியிருக்கிறார். முழு இசையையும் மூன்று நாளில் முடித்தார். இசை சேர்ப்பதற்கு முன் படத்தைப் பார்த்த ஒரு ஸ்ரூடியோ அதிகாரிக்கு அது கொஞ்சமும் பயமாக இருக்கவில்லை. இசை சேர்ந்த பிறகு அதே படம் என்ன செய்தது என்பது எல்லோருக்கும் தெரியும்.

உனக்கு ஐந்து தடுக்காது. கண்டம் உன் கையில் ஊறியது. அதனால் உன் பியானோச் சுரத்தை நாலிலிருந்து எடுத்துக் கண்ட சாபுவில் போட்டுப் பார். தக தகிட, தக தகிட. கார்பென்ரரின் அடுக்கு அவருடையது, அதைத் தொடாதே. படியிறங்குகிற ஆளுக்கு ஒரு கால் கொஞ்சம் நொண்டுகிறது என்று வைத்துக்கொள். அவ்வளவுதான் மாற்றம். இடியும் ஓநாயும் தேவைப்படாது.

அடுத்தது, நீ பெருமையாக எழுதியிருந்த அந்தப் பிசாசு இடைவெளி. ஓர்கன் வருகிற இடத்தில் அதை அள்ளி இறைத்திருக்கிறாய். அது சட்ஜமத்துக்கும் பிரதி மத்திமத்துக்கும் உள்ள தூரம், பிள்ளை. எழுபத்திரண்டு மேளகர்த்தாவில் சரிபாதி, முப்பத்தாறு, அந்த மத்திமத்தை வைத்திருக்கின்றன. கலியாண வீட்டில் கல்யாணி வாசித்தால் யாராவது எழும்பி ஓடுகிறார்களா? காரைக்கால் அம்மையார் பேயுருக் கொண்டு, திருவாலங்காட்டுச் சுடுகாட்டையும் அங்கே ஆடுகிற பேய்களையும் பாடிய மூத்த திருப்பதிகத்தில் ஒன்று நட்டபாடைப் பண். இன்றைக்கு அதைக் கம்பீர நாட்டை என்கிறார்கள். சுவாமி புறப்படும்போது நாதஸ்வரத்தில் மல்லாரி வாசிப்பது அதே ராகத்தில்தான். பயத்தைச் சுரத்துக்குள் யாரும் பூட்டி வைக்கவில்லை.

பிறகு டான்ஸ் மக்காப்ரில் அந்த இடைவெளி ஏன் மயிர்க்கூச்செறிய வைக்கிறது? வயலின்காரருக்குத்தான் இது உடனே விளங்கும். வயலினின் ‘ஏ’ தந்தியையும் ‘ஈ’ தந்தியையும் சேர்த்து இழுத்தால் சுத்தமான சட்ஜம பஞ்சமம் வரும். ஒவ்வொரு கச்சேரிக்கும் முன் சுதி சேர்க்கும்போது அரங்கில் இருக்கிற எல்லோரும் அதைக் கேட்டிருப்பார்கள். அது இசை இல்லை, இசை தொடங்கப் போகிறது என்பதற்கு அடையாளம். சான்-சான்ஸ் தனி வயலின்காரரை ‘ஈ’ தந்தியை அரைச்சுரம் இறக்கி வைக்கச் சொல்லியிருக்கிறார். சாவு சுதி பார்க்கும்போது, காதுக்கு மிகவும் பழகிய சத்தம் ஒரு மயிரிழை பிசகி வருகிறது. வீட்டுக் கதவு வழக்கமாக இருக்கிற இடத்தில் இல்லாததுபோல. பெர்லியோஸும் 1830இல் இதையே வேறு வகையில் செய்தார். தன் சிம்பொனியின் தொடக்கத்தில் காதலியின் மெட்டை அழகாகக் காட்டுகிறார். கடைசிப் பகுதியில் அதே மெட்டு, சூனியக்காரிகளின் கூட்டத்துக்குள், கீச்சென்று ஒரு சின்னக் கிளாரினெட்டில் பகிடிபோல் குதித்துக்கொண்டு வருகிறது. முதலில் காட்டாமல் விட்டிருந்தால் பிறகு அது யாருக்கும் உறைத்திருக்காது.

ஆகவே முதல் முப்பது செக்கனில் கேட்பவருக்கு ஏதாவது ஒன்றைப் பழக்கிக் கொடு. தாலாட்டுப்போல நாலு சுரம் காணும். அதை இரண்டு தரம் நேராகச் சொல். மூன்றாம் தரம் ஒரு சுரத்தை மட்டும் அரைச்சுரம் இறக்கு. வேறு ஒன்றும் செய்யாதே.

வாத்தியங்களைக் குறை. இது கட்டளை என்றே வைத்துக்கொள். ‘சைக்கோ’ படத்துக்கு பேர்னாட் ஹெர்மன் தந்தி வாத்தியங்களை மட்டும் வைத்து எழுதினார். மேளம் இல்லை, ஊதுவாத்தியம் இல்லை. குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்று ஹிட்ச்கொக் முதலில் நினைத்திருந்தார். ஹெர்மன் எழுதிக் காட்டியதும் மனம் மாறினார். உன் கணினியில் எண்ணூறு வாத்தியம் இருக்கலாம். மூன்றை எடு. பியானோ இருக்கட்டும், ஒரு செல்லோ இருக்கட்டும். மூன்றாவதாக ஒன்று சொல்கிறேன்: உன் அறையின் சூடாக்கிக் குழாய். இந்த மாதம்தான் முதல் முதலாகச் சூடு விடுவார்கள். அது இரவு இரண்டு மணிக்கு டங் டங் என்று தட்டுகிற சத்தத்தை ஃபோனில் பதிவு செய். வாங்கி வைத்திருக்கிற அலறலைவிட அது உன்னுடையது. கேட்பவர்களில் பாதிப்பேருடைய வீட்டிலும் அது இருக்கும்.

‘டியெஸ் இரே’யைக் கடைசி அலறலுக்கு முன் சேர்த்திருக்கிறாய். மரித்தோருக்கான அந்தப் பழைய இலத்தீன் பாடலின் முதல் நாலு சுரத்தை எடுக்காத ஆள் இல்லை. பெர்லியோஸ், லிஸ்ற், ரக்மானினோவ் எல்லோரும் எடுத்தார்கள். 1980இல் ‘த ஷைனிங்’ படத்தின் தொடக்கத்திலும் அதுதான் வருகிறது. யாருக்கும் சொந்தமில்லாத மெட்டு என்பதால் தடை ஒன்றும் இல்லை. ஆனால் இந்தப் போட்டியில் இன்னும் நாலைந்து பேர் அதைப் போட்டிருப்பார்கள். எடுத்துவிடு.

இனிப் போட்டியைப் பற்றி. போன வருஷம் எத்தனை வாக்கு விழுந்தது, எத்தனையாவது இடம் என்பதெல்லாம் உனக்கு மனப்பாடம். வேறொன்றும் நடந்தது, அதை நீ மறந்துவிட்டாய். உன்னோடு போட்டியிட்ட ஒருவர், உன் இசையின் நடுப்பகுதியைத் தன் மகளுக்கு மூன்று தரம் போட்டுக் காட்டியதாக எழுதியிருந்தார். நீ அதை எனக்கு அனுப்பியிருந்தாய், ஒரு வரியில், வாக்கு எண்ணிக்கைக்குக் கீழே. அந்தப் பிள்ளை இன்னொருக்கா கேட்டிருக்கிறது. பரிசுப் பணமும் இல்லாத, நடுவரும் இல்லாத, ஆளுக்காள் கேட்டு வாக்களிக்கிற சிநேகப் போட்டியில் இதைவிடப் பெரிதாக என்ன கிடைக்கும் என்று எதிர்பார்த்தாய்?

இந்த முறை மற்றவர்களுடைய இசையைக் கேட்கும்போது ஒழுங்காகக் கேள். ஒவ்வொன்றையும் முழுதாக, ஹெட்போனில், இரண்டு தரம். வாக்களிப்பது அதற்குப் பிறகு. எழுதும்போது ‘நன்றாக இருக்கிறது’ என்று எழுதாதே. அது ஒருவருக்கும் உதவாது. எந்த நிமிடத்தில் எது உன்னைப் பிடித்தது என்று எழுது. குறை சொல்ல வேண்டுமென்றால் ஒன்று மட்டும் சொல், அவர் நாளைக்கே திருத்தக்கூடியதாக. பகலில் கணக்கு எழுதி, பிள்ளைகளைப் படுக்க வைத்து, இரவு பதினொரு மணிக்கு மேல் இருந்து இசை எழுதுகிறவர்கள் அவர்கள். தங்கள் இசையை வேறொருவர் கவனமாகக் கேட்டார் என்பது அவர்களுக்கு வருஷத்தில் ஒரு தரம் கிடைக்கிற விஷயம். உனக்கும் அப்படித்தானே.

சரியாக வந்தால்தான் அனுப்புவேன் என்கிற பிடிவாதத்தைப் பற்றியும் எனக்குத் தெரியும். எங்கள் குழு 1996இல் தன் ஆட்களுக்காக ஒரு சின்னப் போட்டி வைத்தது. நாலு வயலினுக்கு ஏதாவது எழுதிக்கொண்டு வாருங்கள், வாசித்துப் பார்ப்போம் என்றார்கள். நான் எழுதத் தொடங்கினேன். எல்லாம் முடிந்து கடைசிப் பக்கம் மட்டும் பாக்கி. அது மனதுக்குப் பிடித்ததுபோல் வரவில்லை என்று அழித்து அழித்து எழுதினேன். திகதி போய்விட்டது. அந்தத் தாள்கள் இன்றும் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. நாலு வயலினும் சேர்ந்தால் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அன்று என்னோடு இருந்த மற்ற மூன்று வயலின்காரரும் இப்போது வாசிப்பதில்லை. உனக்கு இது நடக்க விடமாட்டேன்.

எழுதியவருடைய தீர்ப்பும் எப்போதும் சரியென்று இல்லை. க்ரீக், ‘பேர் கிந்த்’ நாடகத்துக்கு எழுதிய ‘மலையரசன் மண்டபம்’ ஹலோவீன் தோறும் எல்லா இடத்திலும் ஒலிக்கிறது. ஒரே ஒரு சின்ன மெட்டு, அடியில் மெதுவாகத் தொடங்கி, வேகமும் சத்தமும் ஏறுவதைத் தவிர அதில் வேறு வித்தை இல்லை. க்ரீக்குக்கே அதைக் கேட்கச் சகிக்கவில்லை, ஒரு கடிதத்தில் அதைத் திட்டியே எழுதியிருக்கிறார். நல்லவேளை, கிழித்துப் போடவில்லை.

இரண்டு சின்னக் காரியம். உன் அடிப்பியானோ சுரம் ஃபோன் ஸ்பீக்கரில் கேட்கவே இல்லை, காற்றுத்தான் வந்தது. வாக்களிக்கிறவர்களில் பலர் பஸ்ஸில் ஃபோனில்தான் கேட்பார்கள். அதே சுரத்தை ஒரு ஸ்தாயி மேலே, மிக மெல்லியதாகச் சேர்த்து வை. பிறகு, கடைசி அலறலின் எதிரொலி அடங்குவதற்கு முன் ஃபைல் வெட்டுப்பட்டிருக்கிறது. முடிவில் இரண்டு மூன்று செக்கன் வெறுமையாக விடு. 24ஆம் திகதி நள்ளிரவு வரை நேரம் இருக்கிறது என்று இருந்துவிடாதே, 22ஆம் திகதியே அனுப்பு.

மற்ற வேலையெல்லாம் பிறகு பார்க்கலாம். முதலில் முடிவை எழுது. படியிறங்கி வந்த ஆள் என்ன ஆனார் என்கிற கடைசி இருபது செக்கனை மட்டும் எழுதி, சனிக்கிழமைக்குள் எனக்கு அனுப்பு. விளக்கை அணைத்துவிட்டுக் கேட்கிறேன்.

அன்புடன்,
மாமா